தாங்குவோரைத் தாங்குவது யார்?

மருத்துவத்துக்கு நான்கு கூறுகள் உண்டு என்று வகுத்தவர் திருவள்ளுவர். நோயுற்றவர், நோயைத் தீர்க்கும் மருத்துவர், மருந்து, நோயாளியின் அருகிலிருந்து பணி செய்பவர் என்னும் நான்கையும் 'மருந்து' என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளில் அவர் ஒரு வரிசையில் வைத்து எண்ணுகிறார். முதல் மூன்றைப் பற்றி இன்றைய உலகம் மிகுதியாகப் பேசுகிறது. மருத்துவர்க்குக் கல்லூரி இருக்கிறது. மருந்துக்கு ஆய்வுக்கூடம் இருக்கிறது. நோயாளிக்கு மருத்துவமனையில் படுக்கை இருக்கிறது. நான்காமவர்க்கு என்ன இருக்கிறது? அவர் பெரும்பாலும் நோயாளியின் மனைவியாகவோ மகளாகவோ மருமகளாகவோ இருக்கிறார். அது அவர் கடமை என்று சொல்லி நாம் அகன்று விடுகிறோம்.

சில நாள் காய்ச்சலுக்கு இந்த ஏற்பாடு போதும். ஆண்டுக்கணக்கில் நீளும் ஒரு நோய்க்குப் போதுமா? முதியோர்க்கு வரும் மறதி நோயை எடுத்துக் கொண்டு, அந்த நோயாளியைப் பேணுவோரின் மனத்துக்கு அறிவியல் என்ன உதவி செய்ய முடியும் என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

நோயின் இயல்பு

மூக்குக்கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று முதுமையில் மறப்பது இயற்கை. கண்ணாடி எதற்குப் பயன்படுவது என்பதையே மறந்து விடுவது நோய். மருத்துவர்கள் இதனை டிமென்ஷியா என்பர். தமிழில் மறதி நோய் என்று வழங்குகிறோம். ஆனால் இதில் கெடுவது நினைவாற்றல் மட்டும் அன்று. பேச்சும், வழியறிதலும், முடிவு செய்யும் திறனும், நடத்தையும் சிறிது சிறிதாகக் குலைகின்றன.

1906-ஆம் ஆண்டில் ஜெர்மானிய மருத்துவர் அலோய்ஸ் அல்ஸைமர், இந்நோயால் இறந்த ஒரு பெண்மணியின் மூளையை ஆராய்ந்து, அதில் கண்ட படிவுகளையும் நரம்பணுக்களுக்குள் முறுக்கிக் கிடந்த இழைகளையும் விவரித்தார். அவர் பெயரால் வழங்கும் அல்ஸைமர் நோயே மறதி நோய்களுள் மிகுதியாகக் காணப்படுவது. மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாய்களின் கோளாற்றாலும் மறதி நோய் வருவதுண்டு. வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு சுரப்புக் குறைவு, மனச்சோர்வு ஆகியவையும் மறதி நோய் போலவே தோற்றமளிக்கும். இவை சிகிச்சையால் சீராகக் கூடியவை. ஆகவே, 'வயதாகி விட்டது, அப்படித்தான் இருக்கும்' என்று இருந்து விடாமல் மருத்துவரிடம் காட்டுவதே முதற்படி.

நம் நாட்டில் இந்நோயின் அளவு என்ன? நாடு தழுவிய ஓர் ஆய்வின் முடிவுகள் 2023-இல் வெளிவந்தன. 60 வயதைக் கடந்த இந்தியருள் 7.4 விழுக்காட்டினர், அதாவது ஏறத்தாழ 88 இலட்சம் பேர், மறதி நோயுற்றவர்கள் என்று அது மதிப்பிட்டது. இவர்களுள் மிகப் பெரும்பாலோர் வாழ்வது வீட்டில்தான். அப்படியானால், இவர்களைப் பேணுவோர் தொகையும் 88 இலட்சத்துக்குக் குறையாது என்று கொள்ளலாம் அன்றோ?

பேணுவோர் படும் பாடு

குழந்தையை வளர்ப்பதும் கடினமான பணிதான். ஆனால் குழந்தை நாள்தோறும் ஒன்றைக் கற்றுக் கொள்கிறது. மறதி நோயாளியோ நாள்தோறும் ஒன்றை இழக்கிறார். நேற்றுத் தாமே சட்டைப் பொத்தானைப் போட்டுக் கொண்டவர்க்கு இன்று அது இயலாது. இரவில் உறங்காமல் கதவைத் திறந்து வெளியே செல்வார். பெற்ற மகளைப் பார்த்து 'நீ யார்?' என்று கேட்பார். ஆள் இருக்கிறார், ஆனால் நாம் அறிந்த அந்த ஆள் இல்லை. இவ்வகைத் துயரத்தை ஆராய்ந்த அமெரிக்க அறிஞர் பாலின் பாஸ், இதற்குத் 'தெளிவற்ற இழப்பு' என்னும் பொருள்படப் பெயரிட்டார். இறந்தோர்க்கு அழுது, சடங்கு செய்து, மனத்தைத் தேற்றிக் கொள்ள வழியிருக்கிறது. கண்முன்னே இருப்பவரை இழந்து கொண்டிருப்போர்க்கு அந்த வழியும் இல்லை.

உறவினரும் நண்பரும் நாளொன்றுக்குச் சராசரி 5 மணி நேரம் இப்பணியில் கழிக்கின்றனர் என்றும், உலக அளவில் இப்பணியின் மொத்த நேரத்தில் 70 விழுக்காட்டைப் பெண்களே ஏற்கின்றனர் என்றும் உலக நல நிறுவனம் கூறுகிறது.

இம்மனச்சுமை மனத்தோடு நிற்பதில்லை. அறிவியல் மாணவர் பலரும் அறிந்திருக்க வேண்டிய ஒரு சோதனை உண்டு. அமெரிக்காவில் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜானிஸ் கீகோல்ட்-கிளேசரும் அவர் குழுவினரும், மறதி நோயுற்ற உறவினரைப் பேணும் 13 பெண்களையும், அத்தகைய பொறுப்பு இல்லாத, வயதிலும் வருவாயிலும் ஒத்த வேறு 13 பெண்களையும் தேர்ந்தெடுத்தனர். அனைவர் கையிலும் 3.5 மில்லிமீட்டர் அளவில் ஒரே மாதிரியான சிறு புண் ஏற்படுத்தி, அது ஆறும் நாளைக் கணக்கிட்டனர். பொறுப்பு இல்லாதோர்க்குச் சராசரி 39.3 நாளில் ஆறிய புண், பேணுவோர்க்கு ஆற 48.7 நாள் ஆயிற்று. 1995-இல் இம்முடிவு வெளியாயிற்று. எண்ணிக்கை சிறிதுதான், ஆயினும் அது சுட்டும் உண்மை பெரிது. மனத்தின் ஓயாத இறுக்கம், உடல் தன்னைத் தானே பழுதுபார்த்துக் கொள்ளும் ஆற்றலையும் குறைக்கிறது. ஆகவே பேணுவோரின் துயரத்தை 'மனக் குறை' என்று எளிதாகத் தள்ளி விடுதல் தகாது.

உளச் சிகிச்சை என்பது யாது?

உளச் சிகிச்சை என்றவுடன், 'எனக்கென்ன பைத்தியமா?' என்னும் கேள்வி நம் வீடுகளில் எழும். இங்கே நாம் பேசும் சிகிச்சை, ஒரு திறமையைக் கற்பிப்பதைப் போன்றது. நீச்சல் தெரியாதவன் ஆற்றில் தத்தளித்தால் அதனை அவனுடைய குணக்கேடு என்று யாரும் சொல்வதில்லை, நீந்தக் கற்பிக்கிறோம்.

1960-களில் அமெரிக்க உளமருத்துவர் ஆரன் பெக் உருவாக்கிய முறையொன்று இதற்கு அடிப்படையாக விளங்குகிறது. நிகழ்ச்சி, அதைப் பற்றிய எண்ணம், அதனால் எழும் உணர்ச்சி, அதைத் தொடரும் செயல் என்னும் நான்கும் சங்கிலியாக இணைந்தவை. நிகழ்ச்சியை நம்மால் மாற்ற இயலாத போதும், அதைப் பற்றிய எண்ணத்தைச் சோதித்துப் பார்க்க இயலும். நம் செயலை மாற்றிக் கொள்ளவும் இயலும். அவ்வாறு செய்தால் உணர்ச்சியின் கடுமை குறையும். இதுவே அம்முறையின் சாரம்.

பேணுவோர்க்கு இம்முறையைப் பயன்படுத்தும்போது ஐந்து பாடங்கள் சொல்லிக் கொடுக்கப்படுகின்றன. முதலாவது, நோயாளியின் நடத்தைக்குக் காரணம் தேடுதல். இரண்டாவது, தம் மனத்தில் தாமாகவே எழும் எண்ணங்களைச் சோதித்தல். மூன்றாவது, நோயாளியிடமும் குடும்பத்தாரிடமும் பேசும் முறை. நான்காவது, தமக்கு மகிழ்ச்சி தரும் சிறு செயல்களை மீண்டும் தொடங்குதல். ஐந்தாவது, மூச்சுப் பயிற்சி போன்றவற்றால் உடலைத் தளர்த்துதல்.

ஒரு வீட்டை எண்ணிப் பார்ப்போம்

பாடமாகச் சொன்னால் இது எளிதாகத் தோன்றும். நடைமுறையில் எப்படி என்று காண, சிக்கந்தராபாத் மாரேட்பள்ளியில் ஒரு தமிழ்க் குடும்பத்தைக் கற்பனை செய்து கொள்வோம். மாமனார் இரயில்வே வேலைக்காகத் திருச்சியிலிருந்து வந்தவர், இப்போது இல்லை. மாமியார்க்கு வயது 76; மறதி நோய் கண்டு மூன்று ஆண்டுகள் ஆகின்றன. மகன் அலுவலகம் செல்கிறார். பேணுபவர் மருமகள்.

உண்டு முடித்துக் கால்மணி நேரத்தில் மாமியார் பக்கத்து வீட்டம்மாவிடம், "காலையிலேயிருந்து எனக்கு ஒரு வாய்ச் சோறு போடலே" என்கிறார். மருமகளுக்கு நெஞ்சு கொதிக்கிறது. "இப்பத்தானே அத்தை சாப்பிட்டீங்க!" என்று கத்துகிறார். மாமியார் அழுகிறார். பிறகு மருமகளும் சமையலறையில் நின்று அழுகிறார்.

இங்கே இரண்டு எண்ணங்கள் வேலை செய்கின்றன. 'அத்தை என் பெயரைக் கெடுக்கிறார்' என்பது ஒன்று. 'நான் நல்ல மருமகளாக இருந்தால் எனக்கு இப்படிக் கோபம் வருமா?' என்பது மற்றொன்று. முதல் எண்ணம் சினத்தைத் தருகிறது. இரண்டாவது குற்ற உணர்வைத் தருகிறது. பயிற்சி பெற்ற ஆலோசகர் இவ்விரண்டையும் அவரோடு அமர்ந்து ஆராய்வார். உண்ட நினைவு மூளையில் பதியவே இல்லை. ஆகவே மாமியாரைப் பொறுத்தவரை அவர் சொல்வது பொய்யன்று. அவர் பழி சொல்லவில்லை. தாம் உணர்ந்ததைச் சொல்கிறார். மருமகளுக்கு வரும் கோபமும் களைப்பின் அறிகுறியே. அன்பின்மையின் அறிகுறி அன்று. இவ்வாறு எண்ணம் மாறினால் செயலும் மாறும். "பசிக்குதா அத்தை? கொஞ்சம் மோர் தரட்டுமா?" என்று கேட்கலாம். வழக்காடி வெல்ல வேண்டிய தேவை இல்லை. நோயைப் பற்றிப் பக்கத்து வீட்டம்மாவிடம் ஒருமுறை விளக்கிச் சொல்லி விட்டால், பெயர் கெடும் என்னும் அச்சமும் நீங்கும்.

இன்னொரு தொல்லையும் உண்டு. மாலை ஆறு மணியானால், "ஊருக்குப் போகணும், மாடு கத்துது" என்று மாமியார் வாயிற்படியை நோக்கி நடக்கிறார். ஆலோசகர் ஒரு குறிப்பேடு தந்து, ஒவ்வொரு முறையும் முன்பு நடந்தது என்ன, நடத்தை என்ன, பின்பு நடந்தது என்ன என மூன்றையும் எழுதச் சொல்வார். ஒரு வாரத்தில் ஓர் ஒழுங்கு புலப்படும். பொழுது சாயும் வேளை, அறையில் வெளிச்சம் குறைவு, மருமகள் அடுப்படியில், மாமியார் தனியே. பிறகு திட்டம் வகுக்கலாம். ஐந்தரை மணிக்கே விளக்கை ஏற்றி விடுவது. சமையலறை வாயிலில் நாற்காலி போட்டு, ஆய்வதற்குக் கீரையோ தொடுப்பதற்குப் பூவோ கொடுப்பது. மாட்டின் பெயரைக் கேட்டு ஊர்க் கதையைப் பேச விடுவது. எல்லா நாளும் இது பலிக்கும் என்று சொல்வதற்கில்லை. ஆனால் 'என்னால் ஒன்றும் செய்ய முடியாது' என்று இருந்தவர் கையில் இப்போது ஒரு வழி இருக்கிறது.

நான்காவது பாடத்தையே பேணுவோர் பலரும் மறுப்பர். 'இந்த வேலைகளுக்கு நடுவே எனக்கென்ன மகிழ்ச்சி வேண்டிக் கிடக்கிறது?' என்பர். வாரத்தில் ஒரு மாலை இரண்டு மணி நேரம், பத்மாராவ் நகரிலுள்ள ஸ்கந்தகிரி முருகன் கோயிலுக்குச் சென்று, அங்கே தமிழ் பேசும் நாலு பேரைப் பார்த்து வந்தால், அது ஆடம்பரம் ஆகாது. அதுவும் சிகிச்சையின் ஒரு கூறுதான். அந்த இரண்டு மணி நேரம் மாமியாரோடு இருப்பது யார் என்னும் கேள்விக்கு மட்டும் குடும்பம் விடை காண வேண்டும்.

ஆராய்ச்சி கூறுவது

இவையெல்லாம் நல்லுரைகள்தாமா, அளந்து பார்த்த உண்மைகளா? மூன்று ஆய்வுகளைக் காண்போம்.

முதலாவது நியூயார்க்கில் நடந்தது. மேரி மிட்டல்மன் என்னும் ஆய்வாளர் குழு, அல்ஸைமர் நோயுற்ற துணைவரைப் பேணும் 406 பேரை ஆராய்ந்தது. அவர்களுள் பாதிப் பேர்க்கு ஆறு ஆலோசனை அமர்வுகள் அளிக்கப்பட்டன. ஆறில் நான்கு, குடும்பத்தார் பலரையும் சேர்த்து உட்கார வைத்து நடத்தப்பட்டவை. பின்னர்த் தேவைப்பட்ட போதெல்லாம் தொலைபேசியிலும் உதவி கிடைத்தது. இவ்வுதவியைப் பெற்ற வீடுகளில், நோயாளியைக் காப்பகத்தில் சேர்க்க நேர்ந்த காலம் 557 நாள் தள்ளிப் போயிற்று என்று 2006-இல் அறிவித்தனர். தொலைவிலிருந்து தொலைபேசியில் அறிவுரை மட்டும் அனுப்பும் அண்ணன் தம்பியர் நம் குடும்பங்களில் குறைவில்லை. அவர்களை ஓரிடத்தில் அமர்த்தி, 'இரவில் யார், ஞாயிற்றுக்கிழமை யார், செலவுக்கு யார்' என்று பேச வைப்பதே அந்நான்கு அமர்வுகளின் பணி.

இரண்டாவது இலண்டனில் நடந்தது. கில் லிவிங்ஸ்டன் தலைமையில் 260 பேணுவோர் பங்குபெற்ற ஆய்வு அது. முடிவுகள் 2013-இல் வெளிவந்தன. பயிற்சி எட்டு அமர்வுகளில் முடிந்தது. பயிற்சியை அளித்தவர்கள் பெயர் பெற்ற உளமருத்துவர்கள் அல்லர். உளவியல் பட்டம் பெற்று, மேற்பார்வையின் கீழ்ப் பணியாற்றிய இளைஞர்கள். பயிற்சி பெற்றோரிடம் மனச்சோர்வும் பதற்றமும் குறைந்திருந்தன. இரண்டு ஆண்டுகள் கழித்தும், ஆறு ஆண்டுகள் கழித்தும் அப்பயன் நிலைத்திருந்தது.

மூன்றாவது நம் நாட்டில், கோவாவில் நடந்தது. அமித் டயஸ் முதலானோர் 81 குடும்பங்களில் நடத்தி, 2008-இல் வெளியிட்ட ஆய்வு. மேனிலைப் பள்ளிக் கல்வி முடித்து, உள்ளூர் மொழி அறிந்தவர்களுக்கு ஒரு வாரம் தீவிரப் பயிற்சி அளித்து, வீட்டு ஆலோசகர்களாக அனுப்பினர். உளமருத்துவரும் ஆலோசனை வல்லுநரும் மேற்பார்வை செய்தனர். இரு வாரத்துக்கு ஒருமுறையேனும் வீட்டுக்குச் சென்று, ஆறு மாதம் உதவினர். பேணுவோரின் மனநலம் தெளிவாக உயர்ந்தது. நோயாளியின் நடத்தையால் அவர்கள் அடையும் துன்பமும் குறைந்தது. ஆனால் நோயாளியின் நடத்தைக் கோளாற்றின் கடுமையில் உறுதியான மாற்றம் ஏற்பட்டதாகச் சொல்ல இயலவில்லை.

இக்கடைசி முடிவைச் சற்று நின்று சிந்திக்க வேண்டும். நோய் ஏறக்குறைய அப்படியே இருந்தது. அதனால் உண்டாகும் துன்பம் மட்டும் குறைந்தது. நோய் தீர்ந்தால்தான் பேணுவோர்க்கு நிம்மதி என்று நாம் நினைத்திருந்தோம். அது உண்மையன்று என்று கோவாவின் 81 வீடுகள் காட்டின.

இதற்கு மாறான செய்தியையும் மறைத்தல் கூடாது. உலக நல நிறுவனம் அமைத்த 'ஐ-சப்போர்ட்' என்னும் இணையவழிப் பயிற்சியைப் பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனத்தார் இந்தியாவில் 151 பேரிடம் சோதித்தனர். நோயாளியை மதித்து நோக்கும் மனப்பான்மை வளர்ந்தது. ஆனால் மனச்சோர்வும் சுமையுணர்வும் குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை என்று 2021-இல் அறிவித்தனர். ஓர் ஆய்வைக் கொண்டு முடிவு கட்டுதல் தவறு. ஆயினும் பாடத்தைத் திரையில் ஏற்றி விட்டால் பணி முடிந்தது என்று எண்ணுவதும் தவறு என்பது புலனாகிறது. வீட்டுக்கு வந்து அமர்ந்து கேட்கும் ஒரு மனிதர்க்குத் தனி மதிப்பு இருக்கத்தான் செய்கிறது.

ஐதராபாத்தும் மொழியும்

அந்த மனிதர் எந்த மொழியில் கேட்பார் என்பதே ஐதராபாத் தமிழர்களாகிய நமக்கு முன் நிற்கும் கேள்வி.

மறதி நோய் ஆராய்ச்சியில் இந்நகருக்குச் சிறப்பான இடம் உண்டு. இங்குள்ள நிஜாம் மருத்துவ அறிவியல் நிறுவனத்தில் சுவர்ணா அல்லாடி முதலானோர் 648 நோயாளிகளின் குறிப்புகளை ஆராய்ந்தனர். ஒரு மொழி மட்டும் அறிந்தோரைக் காட்டிலும், இரண்டோ அதற்கு மேலோ அறிந்தோர்க்கு நோய் நாலரை ஆண்டு பிந்தித் தோன்றியது என்று 2013-இல் அறிவித்தனர். எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடமும் இவ்வேறுபாடு காணப்பட்டது. தெலுங்கும் உருதும் கலந்து ஒலிக்கும் இந்நகரத் தெருக்களே இதற்கு ஆய்வுக்கூடமாயின.

ஆனால் நோய் வந்து முற்றும்போது, பின்னால் கற்ற மொழிகள் நழுவித் தாய்மொழி எஞ்சி நிற்பது புலம்பெயர்ந்தோரிடம் காணப்படுவதுண்டு. நாற்பது ஆண்டு கடைவீதியில் தெலுங்கு பேசிய பாட்டி, தமிழில் மட்டும் தண்ணீர் கேட்கிறார். கூலிக்கு அமர்த்திய பணிப்பெண்ணுக்கு அது விளங்குவதில்லை. முழுச்சுமையும் வீட்டில் தமிழ் அறிந்த ஒருவர் தலையில் இறங்குகிறது. அவர் மனத்தைத் திறந்து பேசவும் அவர் மொழியில் ஆள் வேண்டும். உளச் சிகிச்சைக்குக் கருவி பேச்சு ஒன்றே. கற்ற மொழியில் கணக்குக் கேட்கலாம். அழுகை பெரும்பாலும் தாய்மொழியில்தான் வரும்.

நாம் செய்யக் கூடியவை

மாணவ நண்பர்களே! நாம் உளமருத்துவர்கள் அல்லோம். பயிற்சியும் மேற்பார்வையும் இன்றிச் சிகிச்சை அளிக்க முற்படுதல் தீங்கு பயக்கும். ஆனால் நம்மால் இயன்றவை சில உண்டு.

நமக்குத் தெரிந்த ஒரு வீட்டில் இத்தகைய முதியவர் இருந்தால், வாரம் இரண்டு மணி நேரம் அவரோடு தமிழில் பேசிக் கொண்டிருக்கலாம். அந்த நேரம் பேணுபவர்க்கு விடுதலை. மருத்துவமனையில் தெலுங்கு அறியாத குடும்பத்துக்கு மொழிபெயர்ப்பாளராகத் துணை செல்லலாம். இருக்கும் உதவிகளை அறிவிக்கலாம். மறதி நோயாளர் குடும்பங்களுக்கென 1992-இல் கேரளத்தில் தோன்றிய இந்திய அல்ஸைமர் சங்கத்துக்கு ஐதராபாத்திலும் கிளை உண்டு. 2022 அக்டோபரில் நடுவணரசு தொடங்கிய டெலி-மானஸ் மனநல உதவிக்கு 14416 என்னும் எண்ணில் தமிழ் உட்படப் பல மொழிகளில் பேசலாம். முதியோர் உதவிக்கான எண் 14567. இத்திட்டத்தின் முதல் வித்து 2017-இல் இந்த ஐதராபாத்தில்தான் ஊன்றப்பட்டது. பேணுபவர் பல நாள் உறக்கமின்றியும், உணவில் விருப்பமின்றியும், வாழ்வில் வெறுப்புற்றும் பேசினால், காலம் தாழ்த்தாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும்.

நம்முள் உளவியல், சமூகப்பணி, செவிலியம் பயில்வோர் உளர். கோவாவில் மேனிலைப் பள்ளி முடித்தோர் ஒரு வாரப் பயிற்சியில் கற்றுச் செய்த பணியை, முறையான மேற்பார்வை கிடைத்தால் இவர்கள் செய்ய இயலாதா? நம் மன்றம் ஒரு மருத்துவ நிறுவனத்தை அணுகி, தமிழ் அறிந்த பத்துப் பேர்க்கு அத்தகைய பயிற்சி கேட்டுப் பெறலாம். ஆண்டு விழாவுக்குச் செலவிடும் உழைப்பில் ஒரு பகுதி இதற்குப் போதும்.

மறதி நோயை முற்றிலும் தீர்க்கும் மருந்து இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை. அது வரும்வரை பேணுவோரைக் காத்திருக்கச் சொல்ல நமக்கு உரிமை இல்லை. அவர்களுக்கான உதவி எது என்பது இப்போதே தெரிந்திருக்கிறது. அதனைத் தமிழில் கொண்டு சேர்ப்பதே எஞ்சியிருக்கும் வேலை.